சிவப்புக் கோடு யாருடைய தீர்ப்பு?

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் எம்.ஃபில். ஆய்வு மேற்கொண்டிருந்த மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். பெண் விவசாயத் தொழிலாளர்களின் கூலி குறித்த ஆய்வு அது. ஊர் ஊராகச் சென்று திரட்டிய தரவுகள். உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. ஆனால், ஓர் உறுத்தல். தொழிலாளர் என்று பொருள்படும் 'லேபர்' என்கிற ஆங்கிலச் சொல், முதல் இரண்டு அத்தியாயங்களில் 'யு' என்னும் எழுத்தோடும், மூன்றாவது அத்தியாயத்தில் அந்த எழுத்து இல்லாமலும், நான்காவது அத்தியாயத்தில் மீண்டும் 'யு' எழுத்தோடும் காணப்பட்டது. மையத்தைக் குறிக்கும் 'சென்டர்' என்ற சொல்லும் அவ்வாறே இரு வடிவங்களில் இருந்தது.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மூன்றாவது அத்தியாயம் ஏதோ ஓர் அமெரிக்க நூலிலிருந்து எடுத்து எழுதப்பட்டது என்பதே அந்த முடிவு. அதை மற்ற ஆய்வு மாணவர்களின் முன்னிலையிலேயே சொல்லியும்விட்டேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் காலையில் தனியே வந்து விளக்கினார். முதல் இரண்டு அத்தியாயங்களையும் நான்காவதையும் அண்ணனின் அலுவலகக் கணினியில் மாலை நேரங்களில் தட்டச்சு செய்திருக்கிறார். மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பிரௌசிங் சென்டரில் தட்டச்சு செய்தாராம். "சிவப்புக் கோடு வந்த இடத்தையெல்லாம் திருத்தினேன் சார். கம்ப்யூட்டரே தப்புன்னு சொல்லும்போது நான் எப்படி அப்படியே விட முடியும்?" என்றார். ஒரு கணினி ஒன்றைப் பிழை என்றது. மற்றொரு கணினி அதையே சரி என்றது. இரண்டுக்கும் கீழ்ப்படிந்தவர் மீது நான் திருட்டுப் பழி சுமத்தியிருந்தேன்.

அந்தச் சிவப்புக் கோட்டின் பின்னால் இருப்பது என்ன என்று அறிந்துகொள்ளும் ஆர்வம் எனக்கு அன்றுதான் பிறந்தது. இன்று மின்னஞ்சல், வேலை விண்ணப்பம், அலுவலகக் குறிப்பு என அனைத்தையும் பிழைதிருத்திகளின் மேற்பார்வையிலேயே எழுதுகிறோம். ஆகவே, இது எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்று கருதுகிறேன்.

பட்டியலில் இல்லை என்பதே பிழை

பிழைதிருத்தி மொழி அறிந்த ஆசிரியர் அன்று. அடிப்படையில் அது ஒரு சொற்பட்டியல். நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பட்டியலில் தேடுகிறது, கிடைத்தால் விட்டுவிடுகிறது, கிடைக்காவிட்டால் கோடிடுகிறது. பயர்பாக்ஸ், குரோம் போன்ற உலாவிகளும் லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்களும் பயன்படுத்தும் 'ஹன்ஸ்பெல்' என்னும் பிழைதிருத்தி, லாஸ்லோ நேமெத் என்பவரால் முதலில் ஹங்கேரிய மொழிக்காக உருவாக்கப்பட்டது. வேர்ச்சொற்கள் அடங்கிய கோப்பு ஒன்று, அவற்றோடு சேரும் முன்னொட்டு, பின்னொட்டுகளுக்கான விதிகள் அடங்கிய கோப்பு ஒன்று என இரண்டு கோப்புகளே அதன் அறிவு. அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஒரு பட்டியல், பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு வேறொரு பட்டியல். எந்தப் பட்டியல் திறக்கப்பட்டிருக்கிறதோ அதுவே அந்த நேரத்துச் சட்டம்.

கோடிட்ட பிறகு, சரியான சொல் எது என்று அது ஊகிக்கவும் செய்கிறது. இந்த ஊகத்தின் அடிப்படை 1964ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் டாமெரோ, எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நான்கே வகைகளில் அடங்கிவிடுகின்றன என்று கண்டறிந்தார். ஓர் எழுத்து கூடுதலாக வருவது, ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்து வருவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது ஆகியவையே அந்த நான்கு.

இப்போது இரண்டு ஆங்கிலங்களுக்கும் இடையிலான வேறுபாடுகளை இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் எழுதப்படும் 'கலர்' என்ற சொல்லில், அமெரிக்கப் பட்டியலின் பார்வையில் 'யு' எழுத்து கூடுதல். 'ஸ்கில்ஃபுல்' என்ற சொல்லில் ஓர் 'எல்' குறைவு. 'ஆர்கனைஸ்' என்ற சொல்லில் 'இசட்' வர வேண்டிய இடத்தில் 'எஸ்' வந்திருக்கிறது. 'சென்டர்' என்ற சொல்லின் இறுதியில் 'ஈ', 'ஆர்' ஆகிய எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. நான்கு வகைகளும் அப்படியே பொருந்திவிடுகின்றன. கைதவறி நேரும் பிழைக்கும், இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட மரபுக்கும் இடையில் இயந்திரத்தால் வேறுபாடு காண முடியவில்லை. தன் பட்டியலிலுள்ள மிக நெருங்கிய சொல்லை எடுத்து, "இதைத்தானே எழுத நினைத்தீர்கள்?" என்று நீட்டுகிறது. பொருத்தமான சொல் உடனே கிடைத்துவிடுவதால், நாம்தான் தவறு செய்துவிட்டோம் என்ற எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. வண்டிச் சக்கரத்தின் டயரை பிரிட்டிஷ் முறையில் 'ஒய்' எழுத்திட்டும், அமெரிக்க முறையில் 'ஐ' எழுத்திட்டும் எழுதுவர். ஆனால், 'ஐ' எழுத்திட்ட வடிவம் 'களைத்துப்போ' என்ற பொருளில் பிரிட்டிஷ் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே, பிரிட்டிஷ் முறையில் எழுதுபவர் டயரைத் தவறாக எழுதினாலும் கோடு வராது. வங்கிக் காசோலைக்கும் இதே கதிதான். அமெரிக்கர் காசோலையை எழுதும் வடிவம், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'சரிபார்' என்று பொருள்படும் வேறு சொல். 'லைசென்ஸ்' என்ற சொல்லைப் பெயராக எழுதும்போது 'சி' எழுத்தும், வினையாக எழுதும்போது 'எஸ்' எழுத்தும் இடுவது பிரிட்டிஷ் வழக்கம். இரண்டும் பட்டியலில் இருப்பதால், ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் பட்டியலை மட்டும் பார்க்கும் கருவி கண்டுகொள்ளாது. சரியானதைச் சுட்டிக்காட்டுவதும் தவறானதைக் கடந்துபோவதும் ஒரே காரணத்தால் நிகழ்கின்றன. பட்டியலுக்குச் சொற்களைத் தெரியும், எழுதுபவரைத் தெரியாது.

எழுத்தும் ஒரு வணிகத் தடை

இரண்டு முறைகள் ஏன் தோன்றின? பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஆங்கில நூல்களில் 'யு' எழுத்துள்ள வடிவங்களும் இல்லாத வடிவங்களும் கலந்தே வந்தன. முன்னது பிரெஞ்சு வழி. பின்னது லத்தீன் வழி. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதி, இங்கிலாந்தில் 'யு' உள்ள வடிவத்துக்குப் பெருமளவு நிலைபேறு அளித்தது. அமெரிக்காவில் மற்ற வடிவத்தை நிலைநிறுத்தியவர் நோவா வெப்ஸ்டர்.

விடுதலைப் போர்க் காலத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய வெப்ஸ்டர், 1783இல் எழுத்துக்கூட்டல் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நீல அட்டை போட்ட அந்நூல் தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கில் விற்றது. 1806இல் சிறிய அகராதி. 1828இல் ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்ட பேரகராதி. அவர் முன்வைத்த மாற்றங்கள் எல்லாமே ஏற்கப்பட்டுவிடவில்லை. பெண்கள் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும், நாக்கைக் குறிக்கும் சொல்லையும் ஒலிக்கிறபடியே எழுத வேண்டும் என்ற அவருடைய யோசனையை அமெரிக்கர்களே நிராகரித்தார்கள். 'மியூசிக்' என்ற சொல்லின் இறுதியில் அன்று இருந்த 'கே' எழுத்தை அவர் நீக்கினார். அதை இங்கிலாந்தும் நீக்கிவிட்டது. இன்று நாம் 'பிரிட்டிஷ் முறை' என்று கருதுவதும் ஜான்சன் எழுதியபடியே நிற்கவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது வெப்ஸ்டர் 1789இல் எழுதிய கட்டுரை. அமெரிக்காவுக்கெனத் தனி எழுத்துமுறை இருந்தால், இங்கிலாந்தில் அச்சான நூல்கள் அமெரிக்க வாசகர்களுக்குப் பொருந்தாமல் போகும். ஆகவே, நூல்களை அமெரிக்காவிலேயே அச்சிட வேண்டிவரும். உள்நாட்டு அச்சுத் தொழில் வளரும் என்று அவர் வாதிட்டார். சுங்க வரி விதிக்காமலேயே இறக்குமதியைத் தடுக்கும் ஏற்பாட்டை இன்று 'வரி சாரா வணிகத் தடை' என்கிறோம். எழுத்துக்கூட்டலையே அத்தகைய தடையாக்கலாம் என்று அவர் கருதியிருக்கிறார். எழுத்துமுறை வேறுபாட்டில் தேசப்பற்று இருந்தது, மொழியார்வம் இருந்தது; சந்தையும் இருந்தது.

அரசு ஆணையால் எழுத்துக்கூட்டலை மாற்ற முயன்ற கதையும் அமெரிக்காவில் உண்டு. 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிமையாக்கப்பட்ட வடிவில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. நாடாளுமன்றக் கீழவை எதிர்த்தது. அதே ஆண்டிலேயே அவர் பின்வாங்க நேர்ந்தது. அதிபரின் ஆணையால் முடியாததை, பிற்காலத்தில் கணினியின் ஓர் அமைப்பு ஓசையின்றிச் சாதித்துவிட்டது.

முன்னிருப்பின் வலிமை

தொடக்கக் காலப் பிழைதிருத்திகள் பெரும்பாலும் அமெரிக்க ஆய்வகங்களில் பிறந்தவை. 1971இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் ஒரு பிழைதிருத்தியை எழுதினார். 1970களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் கணினிகளுக்கான பிழைதிருத்தி உருவானது. அதைச் செம்மைப்படுத்திய டக் மெக்கில்ராய், ஏறத்தாழ 30,000 சொற்களை 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைவிடப் பன்மடங்கு இடம் தேவைப்படுகிறது. பற்றாக்குறை நிலவும் இடத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழும். அமெரிக்க முறை இயல்பாகவே முதலிடம் பெற்றது.

ஆனாலும் அவர்கள் பிரிட்டிஷ் முறையை மறந்துவிடவில்லை. கட்டளையோடு 'பி' என்ற எழுத்தைச் சேர்த்தால், அந்தக் கருவி பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கும். இந்த வசதியைப் பற்றி 1979ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டில் ஒரு குறும்பான குறிப்பு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி என்ன சொன்னாலும் சரி, இந்தக் கருவி 'எஸ்' எழுத்தைத்தான் வலியுறுத்தும் என்ற கருத்தில் அமைந்த குறிப்பு அது. அதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம். பிரிட்டிஷ் முறை வேண்டுவோர் கேட்டுப் பெற வேண்டும். அமெரிக்க முறை கேட்காமலேயே கிடைக்கும் என்ற ஏற்பாடு அன்றே அமைந்துவிட்டது என்பதே இங்கு முக்கியம்.

இப்படிக் கேட்காமலேயே கிடைப்பதைக் கணித்தமிழில் 'முன்னிருப்பு' என்கிறார்கள். நாம் எதையும் மாற்றாதவரை கருவி தானாகக் கொள்ளும் அமைப்பு அது. மனிதர்கள் முன்னிருப்பை மாற்றுவது அரிது. உறுப்புக் கொடை குறித்து எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. விரும்புவோர் பதிவுசெய்ய வேண்டும் என்ற முறையைக் கொண்ட ஜெர்மனியில் ஒப்புதல் 12 விழுக்காடு. விரும்பாதோர் மட்டும் மறுப்பைப் பதிவுசெய்யலாம் என்ற முறையைக் கொண்ட ஆஸ்திரியாவில் அது 99 விழுக்காட்டுக்கும் மேல். இரண்டும் அண்டை நாடுகள். ஒரே மொழி பேசுபவை. வேறுபாடு பெரும்பாலும் படிவத்தில்தான் இருந்தது. உயிரும் உடலும் சார்ந்த முடிவிலேயே முன்னிருப்புக்கு இவ்வளவு வலிமை உண்டென்றால், ஒரு 'யு' எழுத்தை யார் பொருட்படுத்தப்போகிறார்கள்?

தொடக்கத்தில் தற்செயலாக அமைந்த ஒன்று, பிறகு மாற்ற முடியாதபடி நிலைத்துவிடுவதைப் பொருளாதார அறிஞர் பால் டேவிட் 1985இல் தட்டச்சு விசைப்பலகையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். அவருடைய எடுத்துக்காட்டைப் பின்னாளில் சிலர் மறுத்தனர் என்றாலும், கருத்து நிலைத்துவிட்டது. இணையத்திலிருந்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தர முடியும். நாம் ஓர் இணைப்பைச் சொடுக்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதை அடுத்த தளத்துக்குத் தெரிவிக்கும் தலைப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அதன் நடுவில் இரண்டு 'ஆர்' எழுத்துகள் வர வேண்டும். 1990களில் நெறிமுறையை எழுதியபோது ஓர் 'ஆர்' விடுபட்டுப்போனது. கண்டுபிடிப்பதற்குள் எண்ணற்ற மென்பொருள்களில் அது பரவிவிட்டது. இன்றுவரை அந்தப் பிழையே தரநிலை. அதைச் 'சரியாக' எழுதினால் இயந்திரத்துக்குப் புரியாது.

பிரிட்டிஷ் முறை என்று ஒன்றா?

அப்படியானால் அமைப்பை 'பிரிட்டிஷ் ஆங்கிலம்' என்று மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? பெருமளவு தீரும்; முழுவதும் தீராது. ஏனெனில், பிரிட்டிஷ் முறைக்குள்ளேயே இரண்டு வழக்குகள் இருக்கின்றன. 'ஆர்கனைஸ்' போன்ற சொற்களை 'எஸ்' இட்டு எழுதுவதே பிரிட்டிஷ் முறை, 'இசட்' அமெரிக்க முறை என்றுதான் நம்மில் பலரும் படித்தோம். ஆனால், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி நெடுங்காலமாக 'இசட்' எழுத்தையே விரும்பிவருகிறது. அந்தப் பின்னொட்டு கிரேக்க மூலத்தில் 'இசட்' ஒலி கொண்டது என்பது அதன் வாதம். யூனிக்ஸ் கையேட்டின் குறும்புக்குக் காரணம் இதுதான். அதேவேளை, 'அனலைஸ்' என்ற சொல்லின் கிரேக்க வேர் வேறு என்பதால் அதை 'எஸ்' இட்டே எழுத வேண்டும் என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு முறை. கணினிகள் மொழிகளை அடையாளம் காணப் பயன்படுத்தும் குறியீடுகளில் ஆக்ஸ்ஃபோர்டு எழுத்துக்கூட்டலுக்கெனத் தனிக் குறியீடே இருக்கிறது.

பொருளாதார மாணவர்கள் நாள்தோறும் காணும் பெயர்களே இதற்குச் சான்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரில் 'லேபர்' என்ற சொல்லில் 'யு' உண்டு. 'ஆர்கனைசேஷன்' என்ற சொல்லில் 'இசட்' உண்டு. ஐ.நா. அவையின் ஆங்கிலம் பின்பற்றும் வழக்கு அது. உலக வர்த்தக அமைப்பு, உலகச் சுகாதார அமைப்பு ஆகியவற்றின் பெயர்களிலும் 'இசட்' எழுத்தே. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்போ 'எஸ்' எழுத்தைக் கொண்டது. ஆஸ்திரேலியர்கள் தொழிலாளரைக் குறிக்கும் சொல்லைப் பொதுவாக 'யு' எழுத்தோடு எழுதுவர்; ஆனால், அந்நாட்டுத் தொழிலாளர் கட்சி 1912 முதல் தன் பெயரை 'யு' இல்லாமல் எழுதிவருகிறது. இவற்றில் எதையும் 'திருத்துவது' தவறு. பெயர் என்பது உரியவர் எழுதும் விதமே.

பிழைதிருத்தியின் ஆலோசனையைக் கண்மூடி ஏற்றால் என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு கதை உண்டு. ஒத்துழைப்பு என்று பொருள்படும் 'கோஆபரேஷன்' என்ற சொல், பழைய பிழைதிருத்திப் பட்டியல் ஒன்றில் நடுவில் சிறு கோடிட்ட வடிவில் மட்டுமே இருந்தது. கோடில்லாமல் எழுதியவர்களுக்கு அது நீட்டிய மாற்றுச் சொல் 'கூப்பர்ட்டினோ'. அது கலிஃபோர்னியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். சொடுக்கிவிட்டுப் போனவர்களின் தயவால், பன்னாட்டு அமைப்புகளின் ஆவணங்களில் நாடுகளுக்கு இடையே 'கூப்பர்ட்டினோ' நிலவத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் இத்தகைய கோளாறுகளுக்கு 'கூப்பர்ட்டினோ விளைவு' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் அரசும் நீதிமன்றங்களும் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரபிலேயே ஆங்கிலம் எழுதுகின்றன. தொழிலாளர் நலத் துறை, பாதுகாப்புத் துறை, புள்ளியியல் மற்றும் திட்டச் செயலாக்கத் துறை ஆகிய ஒன்றிய அமைச்சகங்கள் மூன்றின் ஆங்கிலப் பெயர்களிலும் அமெரிக்கப் பட்டியல் கோடிடும். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பைக் குறிக்கும் தொடரிலும் கோடு விழும். மாநிலங்களோடு ஒப்பிட்டு ஒன்றிய அரசை நாம் ஆங்கிலத்தில் 'சென்டர்' என்கிறோம். அதன் இறுதி எழுத்துகளும் இடம் மாற்றப்படும்.

இது வெறும் அழகுக் குறைபாடு அன்று. மேற்கோளில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது மேற்கோளாகாது. சட்டத்தின் பெயர், நூலின் தலைப்பு, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றில் எழுத்து மாறினால், துல்லியத் தேடலில் அவை அகப்படாமல் போகலாம். உழைப்புப் பொருளாதாரம் என்ற ஒரே துறைக்கு அமெரிக்காவில் 'யு' இல்லாத பெயரிலும், ஐரோப்பாவில் 'யு' உள்ள பெயரிலும் ஆய்விதழ்கள் வெளிவருகின்றன. ஒன்றை மற்றொன்றாகத் திருத்திவிட்டால், மேற்கோள் காட்டியவரே தவறிழைத்தவராகிறார்.

அதைவிடப் பெரிய இழப்பு, தம் ஆங்கிலத்தின் மீது ஐயம் கொண்ட இளைஞர்களுக்கு நேர்வது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள், தாம் பள்ளியில் கற்ற எழுத்துக்கூட்டல் சரியா என்று கேட்டுத் தெளிய வீட்டில் ஆளில்லாதவர்கள், திரையில் தோன்றும் சிவப்புக் கோட்டைத் தீர்ப்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் தேர்ந்தவர் அந்தக் கோட்டைக் கண்டு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். தேராதவரோ சரியாக எழுதியதையும் அழித்துவிட்டுத் திருத்துவார். பிறகு என் போன்ற ஆசிரியரிடம் வந்து வசவு வாங்குவார். முன்னிருப்பை அமைத்தவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

செய்ய வேண்டியவை எளியவை. எழுதத் தொடங்கும் முன்பே பிழைதிருத்தும் மொழி எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஆங்கிலம்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமாகவே இருக்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தையோ இந்திய ஆங்கிலத்தையோ தேர்ந்துகொள்ளலாம். கைப்பேசி விசைப்பலகை, உலாவி, எழுதும் மென்பொருள் ஆகிய மூன்றிலும் இந்த அமைப்பு தனித்தனியாக இருக்கிறது. ஒன்றில் மாற்றினால் மற்றவற்றில் மாறாது. சில உலாவிகள், நாம் எழுதும் இணையப் பக்கம் தன் மொழியாக எதை அறிவித்திருக்கிறதோ அதற்கேற்பப் பட்டியலை மாற்றிக்கொள்ளும். வேர்டு போன்ற மென்பொருளில் மொழிக் குறி முழு ஆவணத்துக்கும் உரியது அன்று. ஒவ்வொரு பகுதிக்கும் உரியது. வேறோர் இடத்திலிருந்து ஒட்டிய பத்தி தன் மொழிக் குறியையும் உடன் கொண்டுவந்துவிடும். எனவே, முழு ஆவணத்தையும் தெரிவுசெய்து மொழியை ஒருமுறை அமைப்பது நல்லது. அதன் பிறகும், பல பிரிட்டிஷ் பட்டியல்கள் 'எஸ்', 'இசட்' இரண்டையும் ஏற்கும் என்பதால், ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்துவிடாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கோளையும் பெயர்களையும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த முறை வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே பின்பற்றினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது. இரண்டும் கலந்திருந்தால், குற்றம் சாட்டும் முன் கேட்க வேண்டும்.

நமக்கு இது புதிய பாடம் அன்று. பந்தல் – பந்தர், சாம்பல் – சாம்பர், நிலம் – நிலன் என எழுத்து மாறியும் பொருள் மாறாத சொற்களுக்குத் தமிழ் இலக்கணம் 'போலி' என்று பெயரிட்டு, அவற்றுக்கு இடம் கொடுத்தது. கனடா நாட்டுப் பெருநகரை நாம் 'டொராண்டோ' என்று எழுதுகிறோம். ஈழத் தமிழர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். இரண்டும் தமிழே. தமிழுக்கும் இன்று பிழைதிருத்திகள் உருவாகிவருகின்றன. தமிழ்நாட்டு வழக்கை மட்டும் பட்டியலில் சேர்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் எழுதுபவரின் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்தால், நமக்கு நேர்ந்ததை நாம் மற்றவர்களுக்குச் செய்தவர்களாவோம்.

அந்த மாணவி பின்னர் முனைவர் பட்டமும் பெற்று, இன்று ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறார். விளக்கம் கேட்ட அன்றே அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். ஆனால், அதைத் தனியறையில் தெரிவித்தேன். குற்றம் சாட்டியதோ பத்துப் பேர் முன்னிலையில். அந்தப் பத்துப் பேரிடமும் என் தவறை நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தேனும் அதைப் பொதுவில் சொல்லிவிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையை எழுத ஒரு காரணம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).